குறத்தி வாக்கும் கவிராயர் விண்ணப்பமும்

குறவஞ்சி என்றதும் தமிழாசிரியர்க்கு முதலில் நினைவுக்கு வருவது திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியே. அதன் மலைவளமும் பந்தடியும் வகுப்பறையிலும் இலக்கிய மன்றங்களிலும் எத்தனையோ முறை எடுத்துரைக்கப்பட்டுள்ளன. அந்நூலுக்கு அப்பெருமை தகும். ஆயினும் அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர்த் தஞ்சையில் எழுந்த மற்றொரு குறவஞ்சிக்கு இலக்கிய வரலாற்று நூல்களில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வரி. கிறித்தவச் சிற்றிலக்கியங்கள் என்னும் தலைப்பின்கீழ் நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் இராது. வேதநாயக சாஸ்திரியார் 1800-ஆம் ஆண்டளவில் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியே அந்நூல்.

பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு இவரைக் குழப்பிக்கொள்வாரும் உளர். பிள்ளையவர்கள் 1826-இல் பிறந்த கத்தோலிக்கர். முன்சீப் வேலை பார்த்தவர். சாஸ்திரியாரோ அரை நூற்றாண்டு முந்தியவர். சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தவர். பெயரின் இறுதியில் நிற்கும் ‘சாஸ்திரி’ என்பதைக் கண்டு அவரை அந்தணர் என்று கருதுவதும் பிழை. அவர் வெள்ளாளர் குலத்தவர். அது கல்விக்குக் கிடைத்த பட்டம். இக்குறிப்பு இங்கே வேண்டாததுபோல் தோன்றலாம். அவர் வாழ்வின் நடுப்பகுதியில் எழுந்த பெரும் வழக்கிற்கு இந்தக் குலச் செய்தி தேவைப்படும்.

சாஸ்திரியார் திருநெல்வேலியில் 1774-இல் பிறந்தார். தந்தையார் கிறித்தவத்தைத் தழுவியவர், தமிழ் கற்றவர். சிறுவனுக்குப் பன்னிரண்டு வயதளவில் ஜெர்மானிய மிஷனரியாகிய சுவார்ட்ஸ் பாதிரியார் அவனைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று கற்பித்தார். அங்கே உடன் பயின்றவருள் ஒருவர் பின்னாளில் அரியணை ஏறிய மராட்டிய இளவரசர் சரபோஜி. வேதநாயகம் தரங்கம்பாடியிலும் சில காலம் கற்று, 1794-இல், இருபது வயதில், தஞ்சைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். சுவார்ட்ஸ் 1798-இல் மறைந்தார். சரபோஜி மன்னரானதும் அவ்வாண்டே. ஆசிரியர் மறைந்து ஏறத்தாழ ஈராண்டு கழித்து, இருபத்தாறு வயதில், மாணவர் பாடியது பெத்லகேம் குறவஞ்சி.

அக்காலத் தஞ்சையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தியாகராசரும் சியாமா சாஸ்திரிகளும் முத்துசாமி தீட்சிதரும் காவிரிக் கரையில் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்த காலம் அது. மராட்டியரோடு வந்த கதாகீர்த்தன மரபு தமிழ்நாட்டு இசையோடு கலந்து நின்றது. கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் மன்னர்மேற் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயில் விழாவில் ஆடப்பட்டது. மன்னரும் சும்மா இருக்கவில்லை; உலக நாடுகளின் பூகோளத்தைக் குறத்தியின் வாயில் வைத்துக் கூறும் தேவேந்திரக் குறவஞ்சி என்னும் மராட்டிய நாடகம் அவர் பெயரால் வழங்குகிறது. ஒரே பள்ளியில் பயின்ற இருவர், ஒருவர் அரண்மனையிலும் மற்றவர் திருச்சபையிலும் இருந்துகொண்டு, புதிய கல்வியைச் சொல்ல ஒரே பழைய வடிவத்தை நாடினர் என்பது இலக்கிய வரலாற்றில் சிறிய செய்தியன்று.

மற்றொரு புறத்தில் திருச்சபையின் நிலை வேறு. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவின் காலந்தொட்டு, சீர்திருத்தச் சபையார் பாடியவை பெரும்பாலும் ஜெர்மானியப் பாடல்களின் மொழிபெயர்ப்புக்களே. மெட்டும் அந்நாட்டு மெட்டே. பெப்ரிசியுசு பாதிரியார் அவற்றைத் தமிழாக்கியதில் மிகுந்த உழைப்பும் பக்தியும் உண்டு; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தமிழ்ச் சொல்லின் குறில் நெடில் ஓரிடத்தும், மெட்டின் நீட்டல் குறுக்கல் வேறிடத்தும் விழுந்தால், பாடுவோரின் நாக்கு ஒரு பக்கமும் செவி ஒரு பக்கமும் இழுபடும். பாடல் சபைக்கு உரியதாகிறது. சபையாரின் வீட்டுக்கும் வயலுக்கும் கலியாணப் பந்தலுக்கும் உரியதாவதில்லை. கத்தோலிக்கர் பக்கம் வீரமாமுனிவர் தேம்பாவணி பாடிவிட்டார். அது புலவர் கையிலிருக்கும் காவியம். ஊர் கூடிக் கேட்டுப் பாடும் கலை வடிவம் ஒன்று சீர்திருத்தச் சபைக்குக் கிடைக்காதிருந்தது. அவ்விடத்தை நிரப்பியவர் சாஸ்திரியார்.

பெத்லகேம் குறவஞ்சியின் அமைப்பு மரபுவழிப்பட்டதே. தலைவன் உலா வருகிறான். தலைவி கண்டு காதல் கொள்கிறாள். குறத்தி வந்து குறி சொல்கிறாள். பின்னர்ச் சிங்கன் சிங்கியைத் தேடி வருகிறான். இங்கே தலைவன் கிறித்து. தலைவி சீயோன் குமாரியாகிய தேவமோகினி; அவள் திருச்சபையின் உருவகம். குறி சொல்லும் குறத்தி விசுவாசம். சிங்கன் ஞானகுரு, அவனுக்குத் துணைவரும் நூவன் உபதேசியார். பறவை பிடிக்கும் வேட்டை ஆன்மாக்களைச் சேர்க்கும் வேட்டையாகிறது. தலைவன்பால் தலைவி கொள்ளும் காதலை இறைவன்பால் உயிர் கொள்ளும் காதலாகக் கொள்வது ஆழ்வார் நாயன்மார் பாடல்களில் ஊறிய தமிழர்க்குப் புதிதன்று. விவிலியத்திலும் உன்னதப்பாட்டு அவ்வாறே பொருள் கொள்ளப்பட்டு வந்துள்ளது. ஆகவே இரண்டு மரபும் ஒன்றையொன்று தேடிவந்து சந்தித்ததுபோல் இப்பகுதி இயல்பாக அமைந்துவிட்டது.

குறையும் உண்டு. இருபத்தாறு வயதுக் கவிஞர் கற்றது அனைத்தையும் ஒரே நூலில் கொட்டிவிட வேண்டும் என்று துடித்திருக்கிறார். ஞாயிறு நடுவிருக்கக் கோள்கள் அதனைச் சுற்றிவரும் கோப்பர்னிக்கசின் கொள்கை வருகிறது; உலக நாடுகள் வரிசை வரிசையாக வருகின்றன. தமிழ்ச் செய்யுளில் இவ்வானநூற் செய்தி இவ்வளவு முற்படவே இடம்பெற்றது வியப்புக்குரியது. ஆசிரியர்கள் மாணவர்க்குக் காட்டவேண்டிய பகுதி. எனினும் பட்டியல் நீள நீளத் தலைவியின் ஏக்கம் மறந்துபோகிறது. சிங்கனும் சிங்கியும் பேசும் இடத்தில் குற்றாலக் குறவஞ்சி தரும் குறும்பும் சிரிப்பும் இங்கே அடங்கியே ஒலிக்கின்றன. ஒவ்வொரு பொருளும் வேறொன்றைக் குறித்தாக வேண்டும் என்ற கட்டு வந்துவிட்டால் குறவனால் தாராளமாகச் சிரிக்க இயலாது போலும்.

இளமையின் வளம் இது. சாஸ்திரியாரைப் பற்றிய பேச்சுக்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன. அவர் தொண்ணூறு ஆண்டுக்குச் சிறிது குறையாக, 1864 வரை வாழ்ந்தவர். பெத்லகேம் குறவஞ்சிக்குப் பின் அறுபத்து நான்கு ஆண்டுகள் இருந்திருக்கிறார். அவருடைய நடுவயது நூல்களைக் காணாமல் அவரை மதிப்பிடுவது, காலையில் கண்ட ஆற்றைக் கொண்டு வெள்ளத்தை அளப்பதாகும்.

கும்மியும் நொண்டியும் ஏற்றமும்

நாற்பது வயதளவில், 1814-இல், அவர் பாடியது சாஸ்திரக் கும்மி. சகுனம் பார்த்தல், நாளும் கோளும் பார்த்தல், பேய் பிசாசுக்கு அஞ்சுதல் முதலாக மக்களிடையே வேரூன்றிய பழக்கங்களைக் கண்டித்துப் பாடிய நூல் இது. ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களையும் இவை எளிதில் விட்டு நீங்குவன அல்ல. கண்டனத்தை வசனத்தில் எழுதியிருக்கலாம். அவர் கும்மியில் எழுதினார். கும்மி பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டி ஆடுவது. வாதத்தை மேடையிலிருந்து இறக்கி முற்றத்துக்குக் கொண்டுபோன செயல் அது. ஒருத்தி பாட மற்றவர் திருப்பிப் பாடும்போது, கண்டிக்கப்படும் பழக்கத்தைக் கைக்கொண்டிருப்பவளே அக்கண்டனத்தைத் தன் வாயால் பாடவேண்டி வருகிறது. பிரசங்கத்துக்குக் கிடைக்காத வலிமை இவ்வடிவத்துக்கு உண்டு. குறவஞ்சியில் காணப்பட்ட கல்விச் செருக்கு இங்கே பெரிதும் குறைந்திருக்கிறது. தம்மை நோக்கிப் பாடிய இளைஞர், கேட்போரை நோக்கிப் பாடும் ஆசிரியராகிவிட்டார்.

ஞான நொண்டி நாடகமும் இவ்வகையில் எண்ணத்தக்கது. நொண்டி நாடகத்தின் பழைய கதை யாவரும் அறிந்ததே. செல்வத்தைத் தாசியிடம் இழந்தவன் குதிரை திருடப் போய்ப் பிடிபட்டுக் கால் வெட்டுண்டு, பிறகு மனம் வருந்தி இறையருளால் கால் பெறுகிறான். இஸ்லாமியப் புரவலர் சீதக்காதியைச் சிறப்பிக்கும் நொண்டி நாடகமும் உண்டு. எச்சமயத்தாரும் கையாண்ட வடிவம் இது. மனந்திரும்புதல் கதையிலேயே ஊறிக்கிடக்கும்போது கிறித்தவக் கவிஞர் வலிந்து செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வடிவமே அவருக்காக உழைக்கிறது. நோவாவின் பேழையைப் பாடும் ஞானத்தச்ச நாடகம், ஞான உலா, பராபரன் மாலை, பேரின்பக் காதல் என நூற்பட்டியல் நீளும். அவற்றுள் எல்லாம் ஒரே தரமுடையன என்று சொல்வதற்கில்லை. ‘ஞான’ என்னும் அடைமொழியை முன்னே வைத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் சில இடங்களில் தலைகாட்டுகிறது.

ஞான ஏற்றப்பாட்டைத் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். ஏற்றமரத்தின்மீது ஆட்கள் முன்னும் பின்னுமாக நடக்க, கீழே நிற்பவன் சாலைப் பிடித்துக் கவிழ்க்க, இறைத்த சாலின் எண்ணும் பாட்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒலிப்பது ஏற்றப்பாட்டு. ஏற்றப் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்பது பழமொழி. கம்பரே ஏற்றம் இறைப்பவன் பாடிய பாட்டின் அடுத்த அடிக்காக மறுநாள்வரை காத்திருந்தார் என்னும் கதையும் உண்டு. அந்தப் பாட்டை மன்னர் அவையோடு பழகிய ஒரு புலவர் எடுத்துத் தம் சமயப் பாடலுக்கு வடிவமாக்கினார். விடியற்காலையில் வயற்கிணற்றில் ஏற்றம் இறைத்தவர் யார் என்ற கேள்வியை இவ்விடத்தில் எழுப்பி வைத்தல் தகும்.

1829-ஆம் ஆண்டின் வழக்கு

சுவார்ட்ஸ் காலத்து மிஷனரிமார் மறைந்தனர்; புதிதாக இளைய மிஷனரிமார் வந்தனர். பழையவர் பொறுத்துக்கொண்டவற்றைப் புதியவர் பொறுக்கவில்லை. 1829 அளவில் தஞ்சைச் சபையில் பெரும் பிணக்கு மூண்டது. அப்போது சாஸ்திரியாருக்கு வயது ஐம்பத்தைந்து. சபையாருள் தம்மைச் சார்ந்தோரோடு அவர் எழுதி வைத்த முறையீட்டில் புதிய மிஷனரிமார் இழைத்த கொடுமைகள் என்று நான்கு குறிக்கப்படுகின்றன. பெப்ரிசியுசின் தமிழ் வேதத்தைத் திருத்தி மாற்ற முற்பட்டது ஒன்று. வெவ்வேறு சாதியாரை ஒன்றாக்க முயன்றது ஒன்று. பண்டிகைகளில் பூவும் அலங்காரமும் கூடாது என்று தடுத்தது ஒன்று. வழிபாட்டிலும் கொண்டாட்டங்களிலும் தமிழ் இசைப்பாட்டை நீக்கியது ஒன்று.

இந்நான்கையும் ஒருங்கே படிக்கும்போது இக்காலத் தமிழாசிரியரின் உள்ளம் இரண்டாகப் பிளவுபடுவது இயற்கை. தமிழிசையை விலக்கியது கொடுமை என்பதை யார் மறுப்பார்? முப்பது ஆண்டுகளாகத் தம் சபைக்காகப் பாடிய கவிஞர், அப்பாடலே சபைக்கு ஆகாது என்று கேட்க நேர்ந்தால் எவ்வளவு துன்புற்றிருப்பார்! தாழை மடலும் மல்லிகைச் சரமும் கிறித்து பிறந்த நாளுக்கு என்ன தீங்கு செய்தன? பழகிய வேத வாசகத்தை ஒரு நாளில் மாற்றினால் முதியோர் மனம் புண்படும் என்பதும் உண்மை. மூன்று வழக்கிலும் கவிராயர் பக்கமே நியாயம் நிற்கிறது எனலாம்.

நான்காவது வழக்கிலோ நிலைமை முற்றும் மாறுகிறது. தஞ்சைக் கோயிலில் வெள்ளாளர் ஒரு புறமும், தாழ்த்தப்பட்ட குலத்தார் மறு புறமும் அமர்ந்திருந்தனர். நற்கருணை பெறுவதிலும் முன்பின் முறை காக்கப்பட்டது. இது சமயத்தைச் சார்ந்ததன்று, உலகியல் வழக்கம். பெரியவர் சுவார்ட்ஸே இதனைப் பொறுத்தார். ஆதலால் இதில் கைவைத்தல் தகாது என்பது சாஸ்திரியார் முதலானோரின் வாதம். சாதி குறித்து அவர் தனியே விரிவாக எழுதியும் வைத்தார். நாற்பது வயதில் சகுனத்தையும் சோதிடத்தையும் முன்னோர் வழக்கமென்று விட்டுவைக்காத அதே மனிதர், ஐம்பத்தைந்தில் சாதியை முன்னோர் வழக்கமென்று காத்து நிற்கிறார்.

இதனை எங்ஙனம் விளங்கிக்கொள்வது? அவரைப் போற்றுவோர் இப்பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். அவரை வெறுப்போர் இதனை மட்டும் சொல்லிப் பாடல்களை ஒதுக்கிவிடுகின்றனர். திறனாய்வுக்கு இரண்டும் துணை செய்யா. காலத்தின் குற்றம் என்று சொல்லித் தப்புவதும் இயலாது. அதே காலத்தில் அதே ஊரில் இதனைக் குற்றம் என்று சொன்னோர் இருந்தனர். கோயிலின் மறு புறத்தில் அமர்ந்திருந்தோரும் இருந்தனர். அவர்கள் என்ன எண்ணினர் என்பதை எந்த விண்ணப்பமும் நமக்குச் சொல்லவில்லை. விண்ணப்பம் எழுதும் கல்வி அவர்கட்கு அப்போது எளிதாக வாய்க்கவில்லை.

கவிஞரை எதிர்த்து நிறுத்தத்தக்க சான்று வெளியே இல்லை. அவருடைய குறவஞ்சிக்குள்ளேயே இருக்கிறது. குறவஞ்சி என்னும் வடிவத்தின் உயிர் எது? அரசகுமாரி அறியாததைக் குறத்தி அறிவாள் என்பதே. மாடத்தில் வாழ்பவள் மலையிலிருந்து கூடையோடு நடந்து வந்தவளிடம் கை நீட்டுகிறாள். கை தொட்டுப் பார்க்காமல் குறி சொல்ல முடியாது. தொட்ட பிறகே உண்மை வெளிப்படுகிறது. ஊர்த் தெருவில் ஒதுங்கி நடக்க வேண்டியவள், நாடகத்தில் நடு அரங்கில் நின்று பேசுகிறாள். உயர்ந்தோர் வாய்மூடிக் கேட்கின்றனர்.

எல்லாக் குறவஞ்சிக்கும் இது பொது என்று ஒருவர் மறுக்கலாம். மரபு தந்ததைக் கவிராயர் அப்படியே எடுத்துக்கொண்டார், அதில் அவர் கருத்து ஒன்றுமில்லை என்றும் கூறலாம். மறுப்பில் பாதி உண்மை உண்டு. குற்றாலக் குறத்தியின் வேலை, தலைவன் இன்னான் என்று சொல்லி, அவன் வந்து சேர்வான் என்று தேற்றுவது. அத்துடன் அவள் பரிசு பெற்றுப் போகிறாள். பெத்லகேம் குறத்தியோ விசுவாசம் எனப்படுகிறாள். சீர்திருத்தத் திருச்சபையின் போதனையில் மனிதனை மீட்புக்கு உரியவனாக்குவது விசுவாசம் ஒன்றே. லூத்தர் தம் வாழ்நாளெல்லாம் வாதாடியது இதற்காகவே. அச்சபையில் வளர்ந்து அச்சபையின் பள்ளியில் கற்பித்த ஒருவர், தம் சமயத்தின் தலையாய தத்துவத்துக்கு உருக்கொடுக்க வந்தபோது, அதற்குக் குருவின் உருவைத் தரவில்லை. அரசியின் உருவையும் தரவில்லை. கூடை தூக்கிய குறத்தியின் உருவைத் தந்தார். குரு சிங்கனாகிறார், அவரும் அவளைத் தேடிக்கொண்டுதான் வருகிறார். மரபு கையில் கொடுத்தது எனினும், அதில் எதனை எங்கே பொருத்துவது என்பது கவிஞரின் தேர்வு.

ஆகவே இருபத்தாறு வயதில் பாட்டு கண்டுகொண்டதை ஐம்பத்தைந்து வயதில் விண்ணப்பம் கைவிட்டது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பாடியவரும் எழுதியவரும் ஒருவரே. நடுவயதில் மனிதர்க்குச் சேரும் பொருள்கள் பல: குடும்பம், மாணாக்கர், பட்டம், சபையில் ஓரிடம். சேர்ந்ததைக் காக்க வேண்டிய கவலையும் உடன் வருகிறது. இளமையில் ஒரு வடிவத்தைக் கையாள்பவர் அது எங்கே இழுத்துச் செல்லுமோ என்று அஞ்சாமல் பின்னே போகிறார். நடுவயதில் அதன்மேல் காவல் நிற்கத் தொடங்குகிறார். சாஸ்திரியார் காத்து நின்றது தமிழ்ப் பாட்டை. அதே வேலிக்குள் சாதியும் நின்றது. பூவையும் இசையையும் சாதியையும் வேறு வேறாகப் பிரித்துக் காண அவரால் இயலவில்லை. எல்லாம் சேர்ந்ததே தமிழர் வாழ்வு என்று எண்ணினார்.

இதில் வியப்பு என்னவெனில், அவரை எதிர்த்த மிஷனரிமாரும் அதே பிழையையே செய்தனர். அவர்களும் இம்மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினர்; ஆனால் அம்மூட்டைக்கு அஞ்ஞானம் என்று பெயரிட்டனர். ஒருவர் மூட்டையை அவிழ்க்காமல் சுமக்க விரும்பினார். மற்றவர் அவிழ்க்காமல் எறிய விரும்பினர். சாதியை விலக்க வேண்டும் என்றவர் தமிழிசையை அணைத்துக்கொண்டு அதனைச் சொல்லியிருந்தால், கும்மியும் ஏற்றப்பாட்டும் அவர்கள் பக்கம் நின்று பேசியிருக்கும். ஏற்றம் இறைத்தவனின் பாட்டைக் கோயிலுக்குள் கொண்டுவந்தவரிடம், அப்பாட்டுக்கு உரியவன் எங்கே அமர்வது என்று கேட்பதற்கு அதைவிட நல்ல வழி கிடைத்திராது. பாட்டையும் சேர்த்து வெளியேற்றியதால், வாதத்தின் கூர்மையான கருவியைத் தாமே கைநழுவ விட்டனர்.

பின்னர் நிகழ்ந்தவற்றை விரிக்க வேண்டுவதில்லை. கல்கத்தாவின் அத்தியட்சராகிய வில்சன் 1833-இல் சாதி வேற்றுமையைச் சபைகளிலிருந்து அறவே நீக்குமாறு கட்டளை விடுத்தார். 1835-இல் தஞ்சைக்கும் வந்து சென்றார். சிலர் பணிந்தனர், பலர் பிரிந்தனர். சாதி குறித்து மென்மையாக நடந்த லைப்சிக் லுத்தரன் சங்கத்தைப் பிற்பாடு நாடியோரும் உண்டு. சாஸ்திரியாருக்குச் சரபோஜி மன்னரின் ஆதரவு இருந்தது. மன்னர் தம் தெய்வத்தைப் பாடுமாறு கேட்டபோது கவிராயர் மறுத்தார் என்றும், மன்னர் அதற்காக வெகுளவில்லை என்றும் செவிவழிச் செய்தி வழங்குகிறது. அது மெய்யாயின் பள்ளித் தோழமையின் பெருமை என்க.

பாட்டின் வழக்கு இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்துத் தீர்ந்தது. 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் பாதிரியார், சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் பலவற்றைக் கொண்ட தொகுப்பு ஒன்றைச் சபை வழிபாட்டுக்கென அச்சிட்டு வெளியிட்டார். சுவிசேடக் கவிராயருக்கு அப்போது வயது எழுபத்தொன்பது. பல்லவியும் அனுபல்லவியும் சரணமும் பிழையற அமைந்த இசைப்பாட்டுக்கள் கோயிலுக்குள் மீண்டும் நுழைந்தன. இம்முறை மிஷனரியே கதவைத் திறந்துவிட்டார். அத்தியட்சர் சாதியை எதிர்த்தார். வெப் தமிழிசையை ஏற்றார். 1829-இல் எவரும் அவிழ்க்க முன்வராத மூட்டை இவ்வாறு இரண்டு கைகளால், இரண்டு தருணங்களில் அவிழ்க்கப்பட்டது. அவிழ்த்தவர் இருவரும் அயலவர் என்பது தமிழர்க்குச் சற்றுக் கூச்சம் தரும் செய்தியே.

தமிழாசிரியர்கள் குற்றாலக் குறவஞ்சியைக் கற்பிக்கும்போது பெத்லகேம் குறவஞ்சியின் குறிப் பகுதியையும் உடன் வைத்துக் கற்பித்தால், மாணவர் ஒரு வடிவம் சமயம் மாறியும் எதனை இழக்கவில்லை என்பதைக் கண்டுகொள்வர். நாட்டுவரிசையையும் கோள்வரிசையையும் முதல் வாசிப்பில் விட்டுவிடலாம். குறத்தி வந்து நிற்கும் இடத்திலிருந்து தொடங்கினால் நூல் கையை விட்டு நீங்காது. சாஸ்திரக் கும்மியில் சில பகுதிகளைப் பள்ளி விழாவில் பெண்பிள்ளைகள் கைகொட்டிப் பாடவும் செய்யலாம். ஏட்டில் தட்டையாகத் தோன்றும் அடி, கைகொட்டும்போது நிமிர்ந்து நிற்கும்.

சாதியைக் காத்துச் சாஸ்திரியார் எழுதியவை லண்டனில் நூலகத்தில் கையெழுத்துப் படியாக உறங்குகின்றன. அவற்றைத் தேடிச் செல்வோர் ஆராய்ச்சியாளர் சிலரே. கீர்த்தனைகளோ அச்சேறி, கப்பலேறி, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்ச் சபைகளில் ஒலிக்கின்றன. தோட்டப்புறக் கோயில்களில் அவற்றைப் பாடுவோருள், சோழநாட்டுக் கிணறுகளில் ஏற்றம் மிதித்தவர் வழிவந்தோர் பலர்.